பாய் படகு

எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. படகை மறித்ததைக்கூட என்றாவது ஒரு நாள் மறந்துவிடுவேன். ஒருவர் ஒரு மாதிரி சொன்னதை இன்னொருவர் வேறு மாதிரி கேட்டுக்கொண்டார், அவ்வளவுதானே என்று டீ கிளாசை நீட்டி, முதுகில் தட்டிச் சிரித்தார்களே, அந்தத் தட்டல் இன்னும் முதுகில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பாய் என்ற சொல்லுக்கு மூன்று பொருள். படுக்க விரிப்பது பாய். காற்றைப் பிடிக்க மரத்தில் ஏற்றுவதும் பாய். நாங்களும் பாய். கூனிமேட்டில் பிறந்த எனக்குப் பெயர் என்று ஒன்று இருந்தாலும் பஸ் கண்டக்டர் முதல் பால்காரர் வரைக்கும் நான் பாய்தான். அதில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். நானும் அன்பாகத்தான் திரும்பிப் பார்ப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் பேச வராது. வளைகுடாவில் பணக்காரர்கள் தங்கள் பாய்மரப் படகுகளைக் கட்டி வைக்கிற துறை ஒன்றில் பல வருஷம் இருந்தேன். முதலில் மேல்தளம் கழுவினேன். பிறகு ஒரு கிழவர் தன் படகில் கயிறு பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வேலையில் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை. காற்று எங்கே இருந்து வருகிறது என்று கழுத்தில் தெரிந்தால் போதும். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

என் மனைவி பரங்கிப்பேட்டைக்காரி. நான் வளைகுடாவில் இருந்த காலம் முழுக்க அவள் தாய் வீட்டுக்குப் பாண்டியிலும் கடலூரிலும் பஸ் மாறி, வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு போய் வந்தாள். போனில் நான் அந்தப் படகுகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு முறை கேட்டாள், அதில் பெண்கள் வருவார்களா என்று. வருவார்கள் என்றேன். பிறகு, அவசரத்துக்கு எங்கே போவார்கள் என்றாள். உள்ளேயே அதற்கென்று ஒரு சின்ன அறை இருக்கும் என்றேன்.

"கதவு இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப நானும் வர்றேன். உம்மா வூட்டுக்கு என்னை ஒருவாட்டி கடல்லயே கூட்டிட்டுப் போங்க."

எங்கள் படகின் திட்டம் அந்தக் கதவிலிருந்துதான் ஆரம்பித்தது. ஊருக்குத் திரும்பியதும், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மீன்பிடிப் படகுகள் வார்க்கிற ஒரு ஃபைபர் கொட்டகையில் பேசினேன். என் மனைவியின் தம்பியும் சேர்ந்துகொண்டான். கொட்டகைக்காரருக்குப் பழக்கம் எல்லாம் உள்ளே வெறுமையாக, வலையும் மீனும் போட இடம் விட்ட படகு. நாங்கள் கேட்டது முன்பாதியில் கூரை போட்ட ஒரு அறை. அதில் நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. நிற்கிற உயரம் கொடுத்தால் கூரையே காற்றைப் பிடித்துப் படகைப் பக்கவாட்டில் தள்ளும். இரண்டு பக்கமும் படுக்கப் பலகை, ஒரு மூலையில் சின்ன கேஸ் அடுப்பு. பாய்மரம் பழையது. ஆரோவில் பக்கம் இருந்த ஒருவர் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன அலுமினிய மரம்.

தகராறு படகின் நடுவில் வந்தது. மரக்காணத்துக் கழிமுகத்தில் மணல் ஏறிவிட்டால் முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். அடியில் ஆழமான கட்டை வைத்த படகு அங்கே தரைதட்டி உட்கார்ந்துவிடும். அதனால் கயிறு கட்டி ஏற்றி இறக்குகிற ஒரு இரும்புப் பலகை வைத்தோம். ஆழம் வந்ததும் அதை இறக்கினால் படகு பக்கவாட்டில் வழுக்காமல் நேராகப் போகும். அந்தப் பலகை மேலே வந்து நிற்க ஒரு பெட்டி வேண்டும். பெட்டி அறையின் நடுவில் எழுந்து பாதி இடத்தைத் தின்றுவிட்டது. மிச்ச இடத்தில் கழிப்பறைக்குச் சுவர் எழுப்பினால் படுக்கை சுருங்கும். மைத்துனன் ஒரு திரை போதும் என்றான். வெளிநாட்டுப் படகுகளிலேயே திரைதானே என்று என்னையே சாட்சிக்கு இழுத்தான். ஒரு சாயங்காலம், வேலையாட்கள் போன பிறகு, என் மனைவி கொட்டகைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் உட்கார்ந்து காட்டினாள். நான் அட்டையை வைத்துச் சுவர் எங்கே வரும் என்று பார்த்தேன். முழங்கால் இடித்தது. இடிக்கட்டும், கதவு வேண்டும் என்றாள். கதவு வைத்தோம். அவள் உள்ளே இருக்கும்போது அதை யாரும் தொட மாட்டார்கள் என்று நான் வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது அது பெரிய வாக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

படகின் அடிவயிற்றில் பாரம் வேண்டும். அது இல்லாவிட்டால் பாயில் காற்று அடித்ததும் படகு படுத்துக்கொள்ளும். ஈயத்துக்கு எங்கே போவது? மைத்துனன் உப்பு மூட்டை போடலாம் என்றான். உப்பளம் சூழ்ந்த எங்கள் ஊரில் எதற்கும் அதுதான் கைக்கு வரும். கதவு காற்றில் அடித்தால் உப்பு மூட்டை, கூரைத் தகரம் பறந்தால் உப்பு மூட்டை. அதனால் எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. பிளாஸ்டிக் சாக்கில் கட்டித் தரைப்பலகைக்கு அடியில் அடுக்கினோம். படகு முதல் நாள் யானை மாதிரி நின்றது. பலகைப் பெட்டியின் ஓரத்தில் கொஞ்சம் கசிவு இருந்தது. உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கைப்பம்பால் இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தோம். இறைத்தது தண்ணீரை மட்டும் இல்லை என்று புரிவதற்குள், கழிமுகத்தில் ஒரு காற்று அடித்தது, படகு மெதுவாகப் படுத்தது. நாங்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றோம். அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூணாங்கிளாஸ் கழுதைக்கே அன்னிக்கித் தெரிஞ்சிபோச்சி. பாய்க்குத் தெரியல பாரு."

உப்பு மூட்டையோடு ஆற்றில் விழுந்த கழுதைப் பாடம் நானும் படித்ததுதான். அன்று நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த அம்மா என்னைப் பாய் என்றதும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு துண்டு இரும்பைப் போட்டு சிமெண்ட் ஊற்றி மூடினோம்.

தை மாதம் ஒரு காலை, ஏற்றத் தண்ணீரில், பிஸ்மி சொல்லிப் புறப்பட்டோம். நான், என் மனைவி, மைத்துனன். கழிமுகத்தின் மணல் திட்டைத் தாண்டும் வரை பின்னால் மாட்டிய சின்ன இன்ஜின். தாண்டியதும் அதை நிறுத்தி, பலகையை இறக்கி, பாயை ஏற்றினோம். வாடைக் காற்று, வடகிழக்கிலிருந்து, நல்ல சீராக. தெற்கே போகிறவனுக்கு அதைவிட நல்ல காற்று இல்லை. இன்ஜின் சத்தம் நின்று தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டபோது என் மனைவி கூரைக்கு மேல் தலையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு போகிறவள், எனக்கும் தம்பிக்கும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். கரையில் வெள்ளையாக உப்புக் குவியல்கள் தெரிந்து பின்னால் போயின. கூனிமேட்டுப் பள்ளிவாசல் கோபுரம் வந்தபோது எனக்குக் காட்டினாள்.

வழியில் ஒரு மீன்பிடிப் படகு எங்களைக் கடந்தது. கை காட்டினார்கள், நாங்களும் காட்டினோம். அதில் ஒருவர் போனைக் காதில் வைத்திருந்ததைப் பார்த்தேன். அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

நண்பகல் லுஹர் தொழுகை நேரம் வந்தது. என் மனைவி உள்ளே தொழுகைப் பாயை விரித்துவிட்டு, தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்யச் சின்ன அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டாள். அப்போதுதான் கரைப் பக்கத்திலிருந்து ஒரு வேகப் படகு நேராக எங்களை நோக்கி வந்தது. காவல் ரோந்து. ஒலிபெருக்கியில் இன்ஜினை ஆஃப் பண்ணுடா என்றார்கள்.

"ஆஃப்லதான் சார் இருக்குது," என்றான் மைத்துனன்.

"அப்ப எப்பட்றா ஓடுது?"

மைத்துனன் பாயைக் கையால் காட்டினான். நிறுத்து என்றார்கள். பாய்மரப் படகுக்கு பிரேக் கிடையாது. பின்னாலிருந்து காற்று தள்ளும்போது பாயை இறக்கினால், அது மரத்தின் கம்பிகளில் ஒட்டிக்கொண்டு இறங்காது. படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்ப வேண்டும். அப்போதுதான் பாய் தளர்ந்து உதறும், படகும் நிற்கும். அன்றைக்குக் காற்று வாடை. காற்றுக்கு நேராகத் திரும்புவது என்றால் கரைக்கு முதுகைக் காட்டி ஆழ்கடலைப் பார்த்துத் திரும்புவது. நான் திருப்பினேன். நிற்பதற்காகத் திருப்பினேன். அவர்கள் ஓடுகிறான் ஓடுகிறான் என்று கத்தியது எனக்குக் கேட்டது. வேகப் படகு சுற்றி வந்து எங்கள் மூக்குக்கு முன்னால் குறுக்கே நின்றது. அது கிளப்பிய அலையில் எங்கள் படகு ஆடியது. மைத்துனன் கயிற்றை அவிழ்த்தான். பாய் மடமடவென்று எங்கள் தலைமேல் விழுந்தது. பாய்க்கு அடியிலிருந்து கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தோம்.

கடலில் போகிற படகை நிறுத்திப் பார்ப்பது அவர்கள் வேலை. அதில் எனக்குக் குறை இல்லை. தாள்களைக் கேட்டார்கள், காட்டினோம், சரியாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்கிறேன். இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் வயதானவர், ஒருவர் இளைஞர். ஊரைக் கேட்டார்கள். எங்கள் பெயரைக் கேட்டார்கள். பெயரைக் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன், வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்தில். பூட்ஸ் காலோடு உள்ளே இறங்கினார்கள். இளைஞர் கீழே விரித்திருந்ததைக் கண்டு காலை ஓரமாக வைத்தார். பெரியவர் அதன் மேலேயே நின்றார். உள்ளே எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்டார். என் வீட்டம்மா மட்டும்தான் என்றேன். வெளியே வரச் சொல் என்றார்.

நான் சொல்லவில்லை. அவரே கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை. கடையில் சாமான் கேட்கிற குரலில் சொன்னாள்:

"பொம்பள ஆள் யாராவது வந்து தட்டச் சொல்லுங்க. தொறக்கிறேன்."

இங்கே நடுக்கடலில் பெண் போலீசுக்கு எங்கே போவது என்றார் அவர். உங்களிடம் இல்லை என்றால் அது என் குற்றமா என்று உள்ளேயிருந்து கேட்டாள். அவர் கைப்பிடியில் கை வைத்தார். நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. அவருக்கும் கதவுக்கும் நடுவில் நுழைந்து, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திரு என்றார், எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்து இழுத்தார். பலகைப் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். இளைஞர்தான், சார் வேணாம் சார், கரைக்கே கொண்டுபோயிடலாம் என்றார்.

கயிறு போட்டு இழுத்தார்கள். இவ்வளவு வேகத்தில் இழுத்தால் தாங்காது என்று மைத்துனன் கத்தியது அவர்களுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டது. முன்னால் கயிறு கட்டிய கொம்பைச் சுற்றி ஃபைபர் வெடித்தது. ஒவ்வொரு அலைக்கும் மூக்கு குத்தித் தண்ணீர் உள்ளே வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். முழங்கால் இடிக்கிற அந்த இடத்தில், வெயிலில், காற்று இல்லாமல். தொழுகை நேரம் போய்க்கொண்டிருந்தது. பேசினால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"கரை தெரியுதா?" என்று அவள்தான் கேட்டாள்.

"தெரியுது."

"வாந்தி வருது."

"எடுத்துக்க. அதுக்குத்தானே ரூம் கட்டினது."

உள்ளே சிரித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு வாந்தி எடுத்தாள். அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவளுக்குத் தலையைப் பிடிக்க முடியாமல், நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பலகைப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தேன்.

தெற்கே ஒரு மீன்பிடித் துறையில் கொண்டுபோய்க் கட்டினார்கள். கரையில் ஆள் கூடிவிட்டது. பெண் போலீஸ் ஒருவர் ஸ்கூட்டியில் வந்து சேர நேரம் ஆயிற்று. சின்னப் பெண். படகில் இறங்கத் தெரியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆண்கள் எல்லோரையும் மேலே போகச் சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினார்.

"அக்கா, நான் மட்டும்தான் இருக்கேன். தொறங்க."

கதவு திறந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இருவரும் சேர்ந்து மேலே வந்தார்கள். என் மனைவியின் முகம் கழுவியிருந்தது, தலைத்துணி சரியாக இருந்தது. அந்தப் பெண்ணின் சட்டைக் கை நனைந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை சார், ஒரு பக்கெட்தான் இருக்கிறது என்று பெரியவரிடம் சொன்னார்.

அதன் பிறகுதான் சிரிப்பு. காலையில் எங்களைக் கடந்து போன படகும் மீன் இறக்க அதே துறைக்கு வந்திருந்தது. போனில் பேசியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். தெற்கே வலை விட்டிருக்கிறவர்களுக்குச் சொல்லத்தான் போன் செய்தாராம். பாய்மரப் படகு ஒன்று வருகிறது, அடியில் பலகை இருக்கும், வலையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்காக. பாய் போட்டு ஒண்ணு வருது, உள்ள ரூம் எல்லாம் வச்சிருக்குது என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டவர் டீக்கடையில் சொல்ல, டீக்கடையிலிருந்து யாரோ காவலுக்குச் சொல்ல, அங்கே போய்ச் சேரும்போது அது பாயுடைய போட், அதில் ஆட்களை ஒளித்து வைக்க அறை என்று ஆகிவிட்டது. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாய், தப்பா நெனச்சிக்காதீங்க. நான் பாய்னுதான் சொன்னேன். பாய்னு சொல்லல."

துறை முழுக்கச் சிரித்தது. மீன்காரர்கள் சிரித்தார்கள், இளைஞர் சிரித்தார், மைத்துனனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாருங்க பாய், ஒரு வார்த்தையால எவ்ளோ அலைச்சல் என்று டீ சொல்லச் சொன்னார். என் முதுகில் தட்டினார். கேட்டவன் காதில்தான் தப்பு என்றார் ஒருவர். இனிமேல் படகுப் பாயைச் சீலை என்று சொல்ல வேண்டும் என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. போன் செய்தவர் மேல் தப்பில்லை, மறித்தவர்கள் மேல் தப்பில்லை, தப்பு அந்த இரண்டு எழுத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் டீயை வாங்கவில்லை. கூட்டத்தில் பேசியே பழக்கம் இல்லாததால் குரல் தாழ்ந்துதான் வந்தது. ஆனால் பெரியவருக்குக் கேட்டது.

"பாய்னே சொல்லியிருந்தா என்னா சார்?"

அவர் புரியாதவர் போலப் பார்த்தார். நான் மறுபடியும் கேட்டேன். போன் செய்தவர் பாய் படகு என்றுதான் சொன்னார், நீங்கள் பாயுடைய படகு என்று கேட்டீர்கள், சரி. பாயுடைய படகுதான் அது. என் படகு. அப்படியே சொல்லியிருந்தால் அது சரியான தகவலா? அப்போது கதவை இழுத்திருந்தால் சரியா?

"அதுக்கில்ல பாய். எங்க டூட்டி..." என்று ஆரம்பித்தார். டீயை ஊதிக் குடித்தார். கூட்டம் மீன் ஏலத்தைப் பார்க்கப் போய்விட்டது. போன் செய்தவர் மட்டும் நின்றார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னேன். கொம்புக்கு அடியில் வெடித்த இடத்தை ஒட்டுவதற்கு அவர்தான் பிசினும் துணியும் கொண்டுவந்தார்.

பெரியவர் போகும்போது நல்ல மனதோடுதான் சொன்னார், அம்மாவை பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள் என்று. மைத்துனனும் அதையே சொன்னான். எனக்கும் இனி அந்தப் படகைப் பார்க்கவே பிடிக்கவில்லை. லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய் விற்றுவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். எதற்காக இதைக் கட்டினேனோ அது நடக்கவில்லை, நான் கொடுத்த வாக்கைக் கடலில் எவனோ கைப்பிடியைப் பிடித்து ஆட்டிவிட்டான் என்றேன். இவ்வளவு நான் ஒரு மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை. கேட்டு முடித்துவிட்டு, தொழுகைப் பாயைக் கழுவிக் காயப்போட்டாள்.

"கதவத் தொறந்தது யாரு?" என்றாள். "நான்தானே? நான் தொறக்கற வரைக்கும் தொறக்கலியே."

"இருந்தாலும்..."

"உம்மாகிட்ட கடல்ல வர்றேன்னு சொல்லிட்டேன். அவுங்க கரையில வந்து நிப்பாங்க. பஸ்ஸுல போயி எறங்குனா, ஏன் பஸ்ஸுல வந்தேன்னு கேப்பாங்க. நான் இந்தக் கதையச் சொல்லணும். சொல்ல மாட்டேன். நடங்க."

அன்று அங்கேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை புறப்பட்டோம். துறையின் வாய் வரை இழுத்து விடட்டுமா என்று வேகப் படகிலிருந்து இளைஞர் கேட்டார். வேண்டாம் என்று கை காட்டினேன். கடலூர் தாண்டும் வரை வாடை இருந்தது. பிறகு வெயில் ஏற ஏறக் காற்று தென்கிழக்குக்குத் திரும்பியது. இனி அதைப் பக்கவாட்டில் வாங்கி, எதிர்த்து ஏற வேண்டும். பாயை இறுக்கி, பலகையை முழுக்க இறக்கி, படகைச் சாய்த்துப் பிடித்தேன். மைத்துனன் அந்தச் சிரிப்புக் கதையை வீட்டில் எப்படிச் சொல்வது என்று இப்போதே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். பாய்னுதான் சொன்னேன், பாய்னு சொல்லல என்று அந்த மனிதரின் குரலிலேயே. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி அறையிலிருந்து தலையை நீட்டினாள். தம்பியை அதட்டி நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"கோவம் இன்னும் போவலியா?"

"போவல. போவாது."

"இருக்கட்டும். எனக்கும்தான் இருக்குது. பாயப் பாருங்க, ஒதறுது."

கோபத்தில் சுக்கானை இறுக்கிப் பிடித்து, படகின் மூக்கைக் காற்றுக்குள் ஏற்றிவிட்டிருந்தேன். கையைக் கொஞ்சம் தளர்த்தினேன். பாய் நிறைந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து வேகம் எடுத்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.